முன்கொடியில் ஓர் இடம் காலி

அந்த இரண்டு கிளிப்புகளும் மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, கொடியில் அதே இடத்தில்தான் இருந்தன.

மொட்டை மாடிக்கு வந்ததும் பொன்னம்மாள் முதலில் அவற்றைத்தான் பார்த்தாள். யாரும் தொட்டிருக்கவில்லை. பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம் மருமகள் ராதிகா தன் கம்பெனிச் சுடிதாரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போனாள். பொன்னம்மாள் அதை எடுத்து, ஈரத்தோடு நாலாய் மடித்து, மருமகளின் தலையணை மேல் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே சோற்றுத் தட்டுதான் போய் வருகிறது. பேச்சு போவதில்லை.

மண்ணூர்பேட்டைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அது துணி காயப்போடுகிற கொடி. தெருக்காரர்களுக்கு அப்படியில்லை.

பொன்னம்மாளின் புருஷன் வரதன் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். வேலை போக மிச்ச உயிரை மண்ணூர்பேட்டை யுனைடெட் கால்பந்து டீமுக்குக் கொடுத்தவர். அதற்கு அவர்தான் மேனேஜர். ஒரு வருஷம், மேட்ச் அன்று யார் யார் ஆடுவது என்று சரசாவின் டீக்கடையில் வைத்து வாயால் சொன்னார். பேர் விட்டுப்போனவனின் அண்ணனும் மாமனும் சண்டைக்கு வந்து, கடையில் இருந்த கண்ணாடி கிளாஸ் எல்லாம் உடைந்தது.

அதற்குப் பிறகு அவர் வாயால் சொன்னதே இல்லை. டீமின் மஞ்சள் சட்டைகளைத் துவைப்பது எப்போதும் பொன்னம்மாள்தான். மேட்ச் அன்று விடிந்ததும் வரதன் மாடி அறையில், ஒயர் கட்டிலில் படுத்தபடி ஒவ்வொரு நம்பராகச் சொல்லுவார். வெளியே அவள் அந்தச் சட்டையை எடுத்துப் பிழிந்து தெருவைப் பார்த்த கொடியில் மாட்டுவாள். பதினொரு சட்டை. மிச்சமெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் கொடிக்குப் போகும்.

எதிரே டீக்கடையில் நிற்பவர்கள் டீயை ஆற்றிக்கொண்டே படித்துக்கொள்வார்கள். டீமில் இல்லாதவனை "அவன் பின்கொடிக்குப் பூட்டான்" என்பார்கள். தெருவில் பெண் கொடுப்பவர்கள்கூட, "பையன் இன்னா, முன்கொடியா பின்கொடியா?" என்று கேட்கிற அளவுக்கு அந்தப் பேச்சு வேர்விட்டிருந்தது.

முன்கொடி சொன்னால் சொன்னதுதான். மேனேஜரிடம் போய் ஏன் என்று கேட்ட வழக்கமில்லை.

போன வருஷம் ஃபைனல் அன்று காலையில் அந்தக் கொடியில் பத்துச் சட்டைதான் இருந்தது. கடைசி இடம், தெருமுனைப் பக்கம், எப்போதும் கேப்டனுடைய ஐந்தாம் நம்பருக்கு. கேப்டன், வரதனின் ஒரே மகன் பாண்டியன். அன்று அந்த இடத்தில் இரண்டு கிளிப்புகள் மட்டும் இருந்தன. முன்கொடி பத்து என்றால் பத்துதான் என்று பத்துப் பேராகப் பருத்திப்பட்டுக்குப் போய் அந்த ஊர் டீமோடு ஆடினார்கள். ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே வரதனுக்கு மூச்சு நின்றுவிட்டது என்றாள் பொன்னம்மாள்.

அன்றிலிருந்து அந்த இடத்தில் அவள் ஒரு கைக்குட்டையைக்கூட மாட்ட விட்டதில்லை.

இன்று புது வருஷத்தின் முதல் மேட்ச். அதே பருத்திப்பட்டோடு. மேனேஜர் இல்லை. ஆனால் யாரும் சொல்லாமலே அவள் சட்டைகளைத் துவைத்துவிட்டாள்.

பக்கெட்டுக்குள் கையை விட்டாள். முதல் சட்டையைப் பிழிந்தபோது குரல் கேட்டது. சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் படுத்திருப்பவர், கண்ணைத் திறக்காமல், நெஞ்சுச் சளியோடு சொல்லுவாரே, அந்தக் குரல். ஒன்று. மாட்டினாள். அடுத்தது கேட்டது. அதையும் மாட்டினாள்.

பத்தாவது சட்டையை மாட்டியதும் இரண்டு ஈரக் கைகளாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டாள்.

●

"பத்துதான் கீது," என்றார் தட்சிணாமூர்த்தி.

லேத் ஷாப்பில் காது மந்தமானவர். அதனால் எதையும் கத்தித்தான் சொல்லுவார். யுனைடெட் ஆடுகிற இடத்திலெல்லாம் மேளத்தோடு போய் நிற்பவர்.

"எண்ணிப் பாத்துட்டியா?" என்றாள் சரசா, பால் சட்டியைக் கிளறியபடி.

"எண்றதுக்கு இன்னா கீது? அதான் பல்லு உழுந்த வாய் மாதிரி தெரியுதே. அன்னிக்கு மாட்டுன அதே பத்து. அதே வரிசை. எனக்கு ஒடம்பே சிலுத்துகிச்சு."

டீக்கடைக்கு முன்னால் தெருவே கூடியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேட்ச். அதற்குள் மேனேஜர் யாரென்று முடிவாக வேண்டும்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ," என்றார் தட்சிணாமூர்த்தி. "கம்பெனில நம்ம தலை மேல மேனேஜர எவனோ ஏசி ரூம்ல உக்காந்துகினு போட்றான். நம்மள கேட்டா போட்றான்? இங்க ஒண்ணுதான் நாம போட்ற மேனேஜரு. இதுல நான் உட்டுக்குடுக்க மாட்டேன். பாண்டியன்தான். வரதன் அண்ணன் ரத்தம்டா அது."

"ரத்தத்த வெச்சி இன்னா பண்ணுவ? டெஸ்ட்டு எடுப்பியா?" என்றாள் சரசா. "அந்தப் புள்ளைக்கு போன வருசத்துலருந்தே முட்டி போயி, படி ஏறவே பேஜார் பட்டுகினு கீது."

"மேனேஜரு முட்டியிலயா ஆடுறாரு? உக்காந்துகினு சொல்லப்போறாரு."

"அப்ப பாஸ்கரனுக்கு இன்னா கொற?"

எல்லோரும் பாஸ்கரனைப் பார்த்தார்கள். பழைய கோல்கீப்பர். இப்போது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வரதன் இருந்த காலமெல்லாம் பந்து மூட்டையை அவர் ஆட்டோவில்தான் ஏற்றிக்கொண்டு போனது.

"என்ன உட்டுடு தாயே," என்றார் பாஸ்கரன். ஆனால் எழுந்து போகவில்லை.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார் ராகவன்.

அவர் பின்னாலிருக்கும் ஃப்ளாட்டில் குடியிருப்பவர். கரூர்ப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. எல்லா மேட்சுக்கும் வந்து போனில் படம் பிடிப்பார்.

"சொல்லு சார். நீயும் நம்ம ஆளுதான்."

"ஆவடியில லைசென்ஸ் எடுத்த கோச் ஒருத்தர் இருக்கார். பேசிப் பார்த்தேன். வர்றேங்கிறார்."

"லைசென்ஸா? இன்னா சார், வண்டியா ஓட்டப் போறாரு?"

சிரிப்பு அடங்கும்வரை ராகவன் காத்திருந்தார். "சிரிங்க. எங்க ஃப்ளாட்டுல பக்கத்து வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது. இங்க பின்கொடியில கிடக்கிற பையன் பேரு வரைக்கும் தெரியும். அந்த உரிமையில சொல்றேன். செத்துப் போனவர் விட்டுட்டுப் போன இடத்தைப் பார்த்துக்கிட்டே நாம எத்தனை நாள் நிக்கிறது? அன்னைக்குப் பத்துப் பேரோட ஆடினதே தப்பு. அஞ்சாம் நம்பர் இல்லேன்னா பதினாலாம் நம்பர் விக்ரமையாவது இறக்கியிருக்கலாம். ரெண்டு பேரும் வெளியில உக்காந்து நாம தோக்குறதைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் அதையும் படம் எடுத்து வெச்சிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் திறந்து பார்க்க மனசு வரலை."

சரசா பால் சட்டியிலிருந்து கரண்டியை எடுத்தாள்.

"விக்ரம் அப்பால பிராக்டிஸுக்கே வர்ல," என்றாள் சரசா மெதுவாக. "ஓடத் துடிச்சிகினு கீற வயசு. மனசு உட்டுப் போச்சு அதுக்கு."

"முன்கொடி சொன்னா சொன்னதுதான் சார்," என்றார் பாஸ்கரன். "எனக்கு மட்டும் கேக்கணும்னு தோணலையா? அன்னிக்கு மதியானம் சட்ட வாங்கிகினு போக நான்தான் மேல போனேன். அண்ணன்கிட்ட கேட்டுடலாம், இன்னாண்ணே பத்துதான் கீதுன்னு. அண்ணி கதவாண்டயே நின்னுகினு, சத்தம் போடாத பாஸ்கரா, தூங்குறாருன்னாங்க. சந்துல எட்டிப் பாத்தேன். தல வரைக்கும் போத்திகினு கீறாரு. அந்த வெயில்ல. ஃபேன் கூட ஓடல."

அவர் டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"கடசியா அவர பாத்தது நான்தான். முகத்த பாக்கல."

பிறகு தட்சிணாமூர்த்தி மேளத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்டியே பேசிகினு இருந்தா நாலு மணி ஆயிடும். நான் ஒரு வழி சொல்றேன். அந்த ஓட்டையில பதினொண்ணாவது சட்டைய எவன் மாட்ட வெக்கிறானோ அவன்தான் மேனேஜரு. பாண்டியனுக்கு முதல் உரிம. அவன் முடியாதுன்னா பாஸ்கரன். அவனும் ஜகா வாங்குனா சார் சொல்ற லைசென்ஸு. காலியா உட்டாங்கன்னா நான் இந்த மேளத்த எடுத்துகினு ஊட்டுக்குப் பூடுவேன். பத்துப் பேரு ஆட்றத இன்னொரு வாட்டி பாக்க என்னால முடியாது."

●

பாண்டியனுக்கு எல்லாமே கேட்டது. சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்ததுதான்.

முட்டியில் பட்டையை இறுக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ராதிகா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூப்புட்றாங்க," என்றாள்.

"கேட்டுச்சு."

"இன்னா சொல்லப் போற?"

"இன்னாத்த சொல்றது? நைனா சாவறதுக்கு முன்னாடி பண்ண கடசி வேல இன்னா தெரியுமா? என்ன டீமுலருந்து தூக்குனது. அந்த எடத்துல நான் போயி எப்டி உக்கார்றது?"

"தூக்குனாருன்னு உனக்கு யார் சொன்னது?"

"கொடி சொல்லிச்சு. ஃபைனலு. ஊரே பாக்குது. ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிட்டுத் தூக்கியிருக்கலாம். அன்னிக்குக் கீழ நின்னு நிமிந்து பாத்தேன். அம்மா கைப்பிடிச் சொவத்தாண்ட நின்னுகினு கைய ஆட்டிச்சு. போனாப் போவுது, மேல வா, டீ சாப்ட்டுட்டுப் போன்னு சொல்ற மாதிரி. எனக்கு அது வோணாம்னு இருந்துச்சு. தலைய குனிஞ்சிகினு நேரா கிரவுண்டுக்குப் பூட்டேன்."

ராதிகா கத்தியை நிறுத்தினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. உங்க நைனா கொடியில ஒரு எடத்த காலியா உட்டுட்டுப் போனாரு. சட்டை இல்லன்னு நீயே போயி அதுல தொங்கிகினு கீற. காலைல முழிச்சிப் பாத்தா நீ பக்கத்துல இல்ல. மாடில நின்னுகினு அந்த ரெண்டு கிளிப்பையே பாக்குற. உங்கம்மா என்னாடான்னா காதப் பொத்திகினு ஒக்காந்துகினு கீது. ஒரு நாளா ரெண்டு நாளா? எனக்கு பயமா கீதுயா இந்த ஊட்ல."

அவன் முட்டிப் பட்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கினான்.

"அதனாலதான் சுடிதார மாட்டுனேன். திமிர்ல மாட்டல. அது வெறும் கொடி, எதோ ஒரு துணி தொங்கட்டும்னு மாட்டுனேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று சொல்ல முடியாது. "இன்னிக்கு நீ போயி முடிவு பண்ணு. மேனேஜரு ஆவேன்னாலும் சரி, ஆவ மாட்டேன்னாலும் சரி. இல்லன்னா இதே கத்திய எடுத்துகினு வந்து அந்தக் கொடிய அறுத்துப் போட்ருவேன். சத்தியமா."

வாசலில் பாஸ்கரன் வந்து நின்றார். செருப்பைக் கழற்றாமல், உள்ளே வராமல்.

"கேட்டுகினு இருந்திருப்ப. நீயே சட்டைய மாட்ட வெய்யி பாண்டியா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். வருத்தம் இருந்தது முகத்தில் தெரிந்தது. "ஒண்ணே ஒண்ணு. உன் சட்டைய நீயே மாட்டிக்காத. அத மட்டும் உங்க நைனா மன்னிக்க மாட்டாரு."

●

பாண்டியன் ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து ஏறினான்.

பொன்னம்மாள் பக்கெட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கெட்டில் மிச்சச் சட்டைகள் தண்ணீருக்கடியில் மஞ்சளாகக் கிடந்தன. கொடியில் பத்து ஆடிக்கொண்டிருந்தன. கடைசியில் வானம் தெரிந்தது.

"அம்மா. கடசி வாட்டியா கேக்குறேன். நைனா அன்னிக்கு இன்னா சொன்னாரு?"

"பத்து சொன்னாரு. நிறுத்திட்டாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

இதையேதான் அவள் அன்றிலிருந்து சொல்லி வருகிறாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பேசும்போதெல்லாம் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. முட்டி வலித்தது. மாடி அறைக்குள் போனான். வரதன் போன பிறகு அங்கே யாரும் படுப்பதில்லை. ஒயர் கட்டில் நடுவில் குழிந்து, ஓர் ஆளின் அளவுக்கு அப்படியே இருந்தது. சுவரோரம் தைலப் புட்டி. பிரஸ் ஷாப்பில் ஒட்டிய ஆயில் வாசனை இன்னும் அந்தத் தலையணையில் இருந்தது.

உட்கார்ந்தான். பிறகு, ஏன் என்று தெரியாமல், அந்தக் குழியில் படுத்தான்.

அங்கிருந்து கொடி தெரியவில்லை. ஜன்னலில் தொட்டியும் ஒரு துண்டு வானமும்தான் தெரிந்தன. நைனா சட்டைகளைப் பார்த்துச் சொன்னதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிரவுண்டைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

பாண்டியன் கண்ணை மூடினான்.

பருத்திப்பட்டு கிரவுண்டு வந்தது. ஏரிக்காற்று வந்தது. கீப்பர் நின்றான். ஒவ்வொருத்தனாக வந்து அவனவன் இடத்தில் நின்றான். பத்துப் பேர். எதிர் டீம் பையன் இடது பக்கமாகப் பந்தை உருட்டிக்கொண்டு வருகிறான். அவனை மறிக்க ஐந்தாம் நம்பர் திரும்புகிறது. தன்னையே வெளியிலிருந்து பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. ஐந்தாம் நம்பர் திரும்புவதற்குள் பந்து தாண்டிப் போய்விட்டது. மறுபடி பார்த்தான். மறுபடியும் தாண்டிப் போனது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த முட்டி ஒரு கணம் யோசித்தது. அதற்குப் பின்னாலிருந்து மெலிந்த கால் ஒன்று குறுக்கே வந்து பந்தைத் தட்டியது.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"பதினாலு."

வெளியே சிமெண்ட் தரையில் ஒரு கிளிப் விழுந்து துள்ளுகிற சத்தம்.

அதற்குப் பிறகு அம்மாவின் குரல். அவனோடு பேசுகிற குரல் இல்லை அது. பல வருஷத்துச் சண்டையும் உரிமையும் உள்ள குரல்.

"பதினாலா? ஏன், எம்புள்ளைக்கு இன்னா வந்துச்சு?"

பாண்டியன் எழப் பார்த்தான். முடியவில்லை.

"கேக்குறேன் இல்ல? ஃபைனல் அன்னிக்கா அவன நிறுத்துவ? அவன் மனசு இன்னா பாடுபடும்? வாயத் தொறந்து சொல்லு."

சட்டைகள் காற்றில் படபடத்தன. பிறகு காலடி. ஈரக் காலடி, வேகமாக, சண்டைக்கு வருகிற காலடி. கதவு திறந்தது.

கட்டிலில் இருப்பவன் கண்ணைத் திறந்து தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் ஐந்தாம் நம்பர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீயா," என்றாள். "நீயாடா."

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கும் பதினாலுதானா?"

அவள் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

"பதினாலுன்னாரு. நான் சண்ட போட்டேன். இப்ப கேட்டேனே, இப்டியேதான் கேட்டேன். பதில் இல்ல. வேணும்னே வாய மூடிகினு கீறாருன்னு நெனச்சேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன்னு உள்ள வந்தேன்." கட்டிலின் குழியைப் பார்த்தாள். "சண்ட போட ஆளு இல்ல."

"காலைலயேவா?"

"காலைலயே."

"சாயங்காலம் வரைக்கும் நீ ஒருத்தியாவா?"

"நீ மேல வருவன்னு பாத்தேன். இந்த சட்டைய கைல வெச்சிகினே நின்னேன். நீ கீழ வந்து நிமிந்து பாத்த. கைய ஆட்டுனேன். நீ தலைய குனிஞ்சிகினு பூட்ட."

பாண்டியன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமேம்மா."

"போட்டா தெருவே வந்துடும். மேட்ச்சு நின்னுபூடும். அந்தக் கப்புக்காக எத்தினி வருசம் அந்த மனுசன் தூங்காம கெடந்தாரு? ஆடி முடிக்கட்டும், அப்பால அழுதுக்கலாம்னு வாயில துணிய வெச்சிகினு ஒக்காந்தேன். போத்தி உட்டேன். பாஸ்கரன் வந்தான், தூங்குறாருன்னு சொன்னேன்." அவள் கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள். அதில் இனி பிழியத் தண்ணீர் இல்லை. "பதினால எடுத்து மாட்டக் கை வர்ல. உன்து மாட்டினா அவரு சொல்லாதத மாட்டுன மாதிரி ஆயிடும். அவரு இல்லாத நேரத்துல நான் பொய் பண்ண மாட்டேன். அதான் காலியா உட்டேன். பத்துப் பேரா போயி தோத்துட்டு வந்தீங்க. அது அவரு உட்ட எடம் இல்ல பாண்டியா. நான் உட்ட எடம்."

மாடிப்படியில் ராதிகா நின்றிருந்தாள். கையில் கத்தி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கத்தியைப் படியிலேயே வைத்துவிட்டு வந்து, ஒரு வாரமாய்ப் பேசாத மாமியாரின் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழுந்திரு அத்தே. தரையெல்லாம் ஈரமா கீது."

பாண்டியன் கட்டிலை விட்டு எழவில்லை. நைனா தன்னைத் தூக்கினார் என்பது நிஜம்தான். இத்தனை நாள் நினைத்த அதே நிஜம். ஆனால் இப்போது அது வேறு மாதிரி வலித்தது. அதே கட்டிலில் படுத்து, அதே கிரவுண்டைப் பார்த்து, அவனும் அதே நம்பரைத்தான் சொன்னான். அவர் மகனைப் பார்த்துச் சொல்லவில்லை. முட்டியைப் பார்த்துச் சொன்னார்.

கீழே மேளத்தில் ஒரு தட்டு விழுந்தது. "இன்னாப்பா அங்க? மணி ஆவுது!"

"அம்மா, மாட்டு," என்றான்.

"நீ சொல்லு. சொன்னாத்தான் மாட்டுவேன்."

மறுபடி படுத்தான். கண்ணை மூடினான்.

"அஞ்சு, பின்கொடி."

பொன்னம்மாள் அந்தச் சட்டையை மருமகளிடம் நீட்டினாள். ராதிகா அதை உதறி, தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய், சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டினாள்.

"பதினாலு, முன்கொடி."

பொன்னம்மாள் பக்கெட்டில் கைவிட்டுத் துழாவி அதை எடுத்தாள். பிழிந்தாள். வெளுத்துப்போன அந்த ஒற்றைக் கிளிப்பைத் திறந்தாள். கீழே விழுந்ததை ராதிகா எடுத்துக் கொடுத்தாள்.

இந்தத் தடவை பொன்னம்மாள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

●

தெருவில் சத்தம் நின்றது. சரசா கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள்.

"பதினொண்ணு," என்றாள்.

"தன்னையே பின்கொடிக்கு அனுப்பிட்டான்டா," என்றார் தட்சிணாமூர்த்தி. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகச் சொன்னார். பிறகு மேளத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "மேனேஜரே!"

பாஸ்கரன் தலையை ஆட்டிக்கொண்டார். ஆட்டோவுக்குப் போய்ப் பந்து மூட்டையைத் தூக்கி வைத்தார். ராகவன் போனை எடுத்து அந்தக் கொடியைப் படம் பிடித்தார்.

பாண்டியன் கைப்பிடிச் சுவருக்கு வந்து நின்றான். "விக்ரம் எங்க? அவன இட்டுகினு வாங்க."

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் தெருவுக்குப் பழகாத முகம். பின்சீட்டிலிருந்து விக்ரம் இறங்கினான். தோளில் பை. டீமின் பழைய பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்தவனைப் போல அந்தப் பையை முன்னால் இழுத்துப் பிடித்திருந்தான். இரண்டு அடி வைத்தவன் நிமிர்ந்து கொடியைப் பார்த்தான். கடைசி இடத்தில் அவன் நம்பர் ஈரத்தோடு ஆடிக்கொண்டிருந்தது.

அப்படியே நின்றுவிட்டான்.

அவன் போட்டிருந்தது பருத்திப்பட்டின் நீலச் சட்டை.

பாண்டியனுக்குப் பின்னால், ஆளில்லாத அறையில், ஒயர் கட்டில் ஒரு தடவை முனகியது, யாரோ எழுந்து உட்கார்ந்ததைப் போல. பொன்னம்மாளும் ராதிகாவும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

பாண்டியன் திரும்பவில்லை. அவன் கீழே நின்ற பையனையே பார்த்துக்கொண்டு, கையை உயர்த்தி, மேலே வா என்று ஆட்டினான்.

விக்ரம் தலையைக் குனிந்துகொண்டான்.